பெயரில்லாத பதக்கங்கள்: எமது நூதனசாலையின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வட கொழும்பில் முன்னாள் படையினரும் அவர்களுடைய குடும்பத்தினரும் சேர்ந்து நடத்திவரும் எமது சிறிய படைவரலாற்று நூதனசாலையின் இரண்டு அறைகளையும் கட்டிட உரிமையாளர் திருப்பிக் கேட்டுவிட்டார் என்றும், அந்த வாடகைக்கு நகரில் வேறிடம் கிடைக்காத காரணத்தால் பொருட்கள் அனைத்தையும் பெரிய நிறுவனமொன்றின் களஞ்சியத்துக்குக் கையளிக்கத் தீர்மானித்திருக்கிறீர்கள் என்றும் சென்ற மாதம் எங்களுக்கு அறிவித்தீர்கள். அறிவித்தலோடு ஒரு பக்கப் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தது. பதக்கங்கள் 43, இரும்புத் தலைக்கவசங்கள் 6, சீருடைகள் 11, சட்டமிட்ட புகைப்படங்கள் 28, பல்வகைப் பொருட்கள் 4 பெட்டி. அவ்வளவுதான். அந்தப் பட்டியலை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கையளிப்பை நான் எதிர்க்கவில்லை. இடமில்லாமல் எந்த நூதனசாலையும் நிற்காது என்பதும், நீங்கள் ஒவ்வொருவரும் சொந்தப் பணத்தைப் போட்டு இத்தனை வருடம் இதைத் தாங்கியிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பொருளும் எவருடையது, அதை எவர் கொண்டுவந்தார், கொண்டுவந்தவர் என்ன சொல்லித் தந்தார் என்பதெல்லாம் எழுதி முடியும்வரை ஒரு பெட்டியைக்கூட மூடாதீர்கள்.

ஆறு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் அங்கே மேசை போட்டுப் பதிவேடு எழுதியவன் நான். அதற்கு முன்னர் அரச சேவையில் இலிகிதராக இருந்த காலம் முழுவதும் பதிவேடுகளோடுதான் சீவித்தேன். ஒரு பெயர் தவறிப்போனால் ஒரு மனிதருக்கு என்ன நேரும் என்பதை அந்த வேலை எனக்குக் கற்றுத்தந்தது. இந்த மடலைத் தமிழில் பகிரங்கமாக எழுதுவதற்கும் காரணம் உண்டு. பொருட்களைத் தந்த குடும்பங்களில் பல தமிழ் பேசுபவை. அறிவித்தல் அவர்களுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாத்திரமே போய்ச் சேர்ந்தது. சிங்கள மொழிபெயர்ப்பொன்றைச் செயலாளரிடம் நேரில் தருகிறேன்.

பட்டியலில் உள்ள முதல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் உலகப் போருக்காகப் பிரித்தானியா வழங்கிய போர்ப் பதக்கத்தையும் வெற்றிப் பதக்கத்தையும் கையில் எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தால், பெற்றவரின் இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். நூறு வருடம் கழித்து ஒரு பழைய பொருட்கடையில் அகப்பட்டாலும் அது எவருடையது என்று தேடிப் பிடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின் பதக்கங்கள் அப்படியல்ல. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற சில நாடுகள் தங்கள் வீரர்களின் பெயர்களைப் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியா தன் படையினருக்கு அனுப்பியவற்றின் விளிம்பு வெறுமையாகவே இருந்தது. எங்கள் நூதனசாலையில் உள்ள அந்தக் காலத்துப் பதக்கம் ஒன்றிலும் பெயரில்லை. பெயர் இருந்ததெல்லாம் சம்பளப் புத்தகத்திலும், விடுவிப்புப் பத்திரத்திலும், குடும்பத்தாரின் வாயிலும்தான். புத்தகமும் பத்திரமும் போன வீடுகளில் எஞ்சியிருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. என் அப்பா சிலோன் காரிசன் ஆட்டிலறியில், துறைமுகத்தைக் காக்கக் கடலோரத்தில் நிறுத்தியிருந்த பீரங்கி அணியொன்றில் இருந்தவர். உயிர்த்த ஞாயிறு என்றால் இன்று கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் உள்ளவர்களுக்கு 2019இன் தேவாலயக் குண்டுவெடிப்புகள் நெஞ்சில் வரும். அப்பாவின் தலைமுறைக்கு அது 1942 ஏப்ரல் 5. முதல் நாள் மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானப்படையின் கற்றலினா விமானமொன்று தெற்கே கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதை ஓட்டிய லெனர்ட் பேர்ச்சல் சிறைப்பட்டார். அந்தத் தகவலால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் காலை ஏழரை மணியளவில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தபோது என் அப்பம்மா புனித லூசியாள் பேராலயத்தில் பூசையில் இருந்தார். அப்பா பீரங்கியடியில் நின்றார். துறைமுகத்துக்குள்ளே டெனிடொஸ், ஹெக்டர் என்ற இரு கப்பல்கள் அழிந்தன. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி மறைத்து வைத்திருந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிரியின் கண்ணில் படாமல் மேலெழுந்தன. இன்று அங்கே கடைத்தொகுதியும் ரக்பி மைதானமும் இருக்கின்றன. தென்மேற்கே ஆழ்கடலில் அதே நாளில் கோர்ன்வோல், டோர்செட்சயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் 424 பேரோடு மூழ்கின. இவை எல்லாம் நூல்களில் உள்ளவை. நூல்களில் இல்லாத ஒன்று, அப்பா எங்களுக்குச் சொன்னது: "கடலைப் பார்த்து வைச்ச பீரங்கி, ஆகாயத்தைப் பார்க்காது. நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிண்டம்." எதிரிக் கப்பலை எதிர்பார்த்து மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்த இளைஞர்கள், ஒரு குண்டும் சுட வழியில்லாமல், தங்கள் ஊர் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற காலை அது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

போர் முடிந்தபின் அவருக்கு இரண்டு பதக்கங்கள் சிறு கடதாசிப் பெட்டியொன்றில் வந்தன. அவற்றை அவர் அணிந்து நான் கண்டதில்லை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11ஆம் திகதிகளில் என்னை விகாரமகாதேவிப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். காலிமுகத்திடலில் நின்ற நினைவுத்தூணை, கடலிலிருந்து வரும் எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்ற அச்சத்தால் போர்க்காலத்தில் அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து நிறுத்திய கதையைச் சொல்வார். பின்சுவரில் பொறித்துள்ள பெயர்களை விரலால் தொட்டு வாசிக்கச் செய்வார். பதக்கம் மாத்திரம் வீட்டிலேயே, அம்மாவின் றங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில், சம்பளப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டியபடி இருந்தது. 1978இல் அப்பா காலமானார். 1983 யூலையில் நாங்கள் குடியிருந்த வீடு எரிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தபடியால் உயிர் தப்பினோம். அகதி முகாமிலிருந்து திரும்பிப் போன அன்று அம்மா, பெட்டி இருந்த மூலையில் குந்தியிருந்து, ஒரு இரும்புக் கரண்டியால் சாம்பலைக் கிளறினார். சம்பளப் புத்தகம் இல்லை. ஒரு பதக்கம் இல்லை. மற்றது கிடைத்தது. ரிப்பன் முழுதும் எரிந்துபோய், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முகத்தில் பாதி கருகி, மறுபக்கத்தில் இரட்டைத் தலை வேதாளப் பாம்பின்மேல் நிற்கும் சிங்கத்தின் பிடரிவரை கறுத்து, கீழ் விளிம்பில் அந்தக் கரண்டி பட்ட சிறு கீறலோடு இருந்தது.

அந்தப் பதக்கத்தைத்தான் ஆறு வருடத்துக்கு முன்பு உங்களிடம் தந்தேன். அதைத் தரும்போது பதிவேட்டின் ஒரு முழுப் பக்கத்தில் மேலே சொன்னதை எழுதி, அதே இலக்கத்தை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பருத்தி நூலால் பதக்கத்தில் கட்டினேன். அதன் பிறகுதான், மற்றவர்கள் கொண்டுவருவதையும் இப்படி எழுத எவரும் இல்லை என்று கண்டு, சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு விழாவுக்கு ஆயத்தம் செய்தபோது, அலுமாரி அழகாக இருக்கவேண்டும் என்று பதக்கங்கள் எல்லாவற்றையும் மினுக்கினார்கள். கட்டியிருந்த அட்டைகள் பார்வைக்கு நன்றாக இல்லையென்று வெட்டப்பட்டன. ஒரே வகையானவை ஒன்றாகச் சிவப்பு வெல்வெட்டுத் தட்டில் வரிசையாக வைக்கப்பட்டன. செய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அன்று நான் ஊரில் இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தபோது ஒன்பது போர்ப் பதக்கங்கள் ஒன்பது புது நாணயங்கள்போல மின்னிக்கொண்டிருந்தன. மன்னரின் முகத்தில் கருமை இல்லை. கரண்டிக் கீறலைத் தேடித்தான் எங்களுடையதைக் கண்டுபிடித்தேன். அது இடமிருந்து நான்காவது. அந்தக் கீறலின் பொருள் தெரிந்தவர் இன்று உயிரோடிருப்பவர்களில் நான் ஒருவன் மாத்திரமே. மற்ற எட்டையும் தந்த குடும்பத்தினர் தங்களுடையதை அடையாளம் காண அவற்றில் அப்படி ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம்.

அந்தக் கருமை அழுக்கல்ல, சான்று. இதை நான் மனக்குறையாக எழுதவில்லை. இனி வேறெந்தப் பொருளுக்கும் இப்படி நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உலோகத்தை மினுக்கும் பசை ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சிறிது அரித்து எடுத்துவிடும். பல முறை மினுக்கிய பதக்கத்தில் எழுத்தும் உருவமும் மழுங்கிப்போகும். கொழும்பின் ஈரக்காற்று பெரும்பாலான நாட்களில் உலோகத்துக்கும் துணிக்கும் பகை. கடற்காற்றின் உப்பு அதோடு சேர்ந்தால் இரும்புத் தலைக்கவசம் துருவேறும், பித்தளைப் பொத்தானில் பச்சைக் களிம்பு பிடிக்கும், சீருடை மடிப்பில் பூஞ்சணம் படரும், கடதாசியை இராமபாணப் பூச்சி தின்னும். குழாய் விளக்கை நேரே அடித்தால் ரிப்பனின் நிறம் போய்விடும். இவற்றைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. உலர்ந்த பருத்தித் துணி, அமிலமில்லாத கடதாசி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள், கையுறை, விளக்கை அணைக்க ஒரு ஆள் இருந்தால் போதும். பொருட்களைப் பெறும் நிறுவனத்தில் இதற்கெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் எந்தப் பயிற்சியாலும் வெட்டி எறிந்த அட்டையில் இருந்த பெயரை மீட்டுத்தர முடியாது.

பட்டியலில் "பல்வகை" என்று எழுதியிருக்கும் நான்கு பெட்டிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் நூதனசாலையின் உயிர் அந்த நான்கு பெட்டிகளில்தான் இருக்கிறது.

கொம்பனித்தெருவிலிருந்து ஒரு மலாய் அம்மையார் பித்தளை இடுப்புப்பட்டி வில்லை ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். 1870களில் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் படைப்பிரிவில் அவருடைய முப்பாட்டனார் இருந்ததாகக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பகுதியில் ரைபிள் வீதியும் மலே வீதியும் இன்றும் அதே பெயர்களோடு இருக்கின்றன. அவ்வழியே நாளாந்தம் போய்வரும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர்கள் வந்த வழி தெரியும்? அவர் என்னோடு தமிழில்தான் பேசினார். தன் பாட்டி பாடிய மலாய்த் தாலாட்டின் இரண்டு வரியையும் சொன்னார். அதையும் பதிவேட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலில் அது "பல்வகை".

இன்னொரு பெட்டியில் மங்கிப்போன மஞ்சள் துணிப் பூ ஒன்று இருக்கிறது. பார்ப்பவர்கள் ஏதோ அலங்காரப் பூ என்று தள்ளிவிடுவார்கள். அது சூரிய மலர், நாங்கள் பூவரசம்பூ என்று சொல்வது. முதலாம் போருக்குப் பிறகு நவம்பர் 11இல் இங்கே விற்கப்பட்ட சிவப்புப் பொப்பிப் பூக்களால் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போனது. இந்த மண்ணின் முன்னாள் படைவீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதைக் கண்டித்து ஈலியன் பெரேராவின் தலைமையில் இலங்கையின் முன்னாள் படையினர் 1931இல் அதே நாளில் சூரிய மலரை விற்கத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் இடதுசாரி இளைஞர்கள் அந்த இயக்கத்தைத் தங்கள் கையில் எடுத்து விடுதலை உணர்வின் குரலாக்கினார்கள். 1934–35இல் மலேரியா பரவி மக்கள் மடிந்தபோது அதே தொண்டர்கள் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள். போரிலிருந்து திரும்பிய மனிதரின் வயிற்றுப்பாட்டுக்காகத் தொடங்கிய ஒரு பூ, இந்த நாட்டின் அரசியலையே தொட்டது. முன்னாள் படைவீரர்களுக்காக இந்தத் தீவில் எழுந்த இயக்கங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். அந்தப் பூவைத் தந்தவர் சொன்ன விபரங்கள் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் மாத்திரம் எழுதியிருக்கின்றன, மையால் எழுத எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

தணிக்கை முத்திரை குத்திய ஒரு கடித உறையும் அங்கே உண்டு. இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட பீரங்கி அணியில் இருந்த ஒருவரின் மகள் தந்தது. 1942 மே 8ஆம் திகதி இரவு அங்குள்ள ஹோஸ்பரோ தீவில் சிலோன் காரிசன் ஆட்டிலறி வீரர்கள் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார்கள், அது அடக்கப்பட்டது, கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அந்த ஆகஸ்ட் மாதத்தில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பிரித்தானிய, பொதுநலவாயப் படையினர் அவர்கள் மூவர் மாத்திரமே. என் அப்பா அதே படைப்பிரிவில் இருந்தவர். ஆனாலும் அந்தப் பெயர்களை அவர் வாயால் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த மகளும் அதையே சொன்னார்: "அப்பா அதைப்பற்றிக் கதைக்க மாட்டார்." பேசாமல் போனவர்களிடமிருந்து மிஞ்சியது அந்த உறை. அதைத் தந்தவர் எவர் என்ற வரி இல்லையென்றால் அது ஒரு பழைய முத்திரைத் தாள்.

நான்காவது பெட்டியில் ஒரு செயற்கைக் கால் இருக்கிறது. 1990களில் வடக்கில் மிதிவெடியில் காலை இழந்த ஒரு படைவீரருடையது. அவர் இறந்தபின் மனைவி கொண்டுவந்தார். முழங்காலுக்குக் கீழே பொருத்தும் குழியின் உள்ளே, தோல் புண்படாதிருக்க, மகனுடைய பழைய பாடசாலைக் காலுறையை மடித்துத் தைத்திருந்தார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். உங்களுடைய ஊர் எது என்று கேட்டார். பிறந்து வளர்ந்தது கொழும்பு, அம்மாவின் ஊர் சாவகச்சேரி என்றேன். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் பேனையை என்னிடமிருந்து வாங்கி, மிச்சத்தைத் தானே சிங்களத்தில் எழுதினார். அதற்குக் கீழே நான் தமிழில் எழுதினேன். அந்தப் போரில் மறுபக்கத்தில் இழந்தவர்களின் பொருட்கள் எங்கள் அறைகளில் இல்லை என்பதை நான் அறிவேன்; என் உறவினர்களும் அந்த இழப்புக்குள் இருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்குள் அந்த முழுக் கணக்கையும் தீர்க்கும்படி உங்களை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் காலுறையைப் பற்றி இரு மொழியில் எழுதிய அந்தப் பக்கத்தைக் காப்பாற்றும்படி கேட்க எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

பெரிய நிறுவனங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரத்மலானையில் விமானப்படை நூதனசாலைக்குப் பேரப்பிள்ளைகளை இரண்டு முறை கூட்டிப்போனேன். விமானங்களை அங்கே கவனமாக வைத்திருக்கிறார்கள். 1877இல் திறக்கப்பட்ட கொழும்புத் தேசிய நூதனசாலையின் அருமை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவற்றின் வேலை வேறு. அங்கே விமானம் இருக்கும், வாள் இருக்கும், தளபதியின் படம் இருக்கும். பீரங்கியடியில் அண்ணாந்து நின்றவருக்கு அங்கே இடம் கிடைக்க வேண்டுமானால், அவர் ஒரு பெயரோடும் ஒரு கதையோடும் போய்ச் சேரவேண்டும். "பதக்கங்கள் 43" என்று போய்ச் சேர்ந்தால் களஞ்சியத்துத் தட்டில்தான் கிடப்பார். அங்குள்ளவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் அலுமாரிகளில் இருந்த விளக்க அட்டைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழ் அட்டைகளை எழுதித்தர நான் பலமுறை கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஆனால் காரியம் நடக்கவில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரச கரும மொழியாக்கியிருக்கிறது என்பதை நினைவூட்டலாம்தான். ஆனால் ஒரு தொண்டர் நூதனசாலையிடம் சட்டத்தைக் காட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. வேறொன்றைச் சொல்கிறேன். பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையிலிருந்து பிள்ளைகள் ஒரு நாள் வந்தார்கள். இலங்கைத் தரைப்படையின் முதலாவது இலங்கைத் தளபதி, 1955இல் பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர் என்றும், 1960இலிருந்து பத்து வருடம் கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்றும் சொன்னபோது, ஒரு மாணவி என் முகத்தை நம்பாமல் பார்த்தாள். "எங்கட ஆக்களோ, ஐயா?" என்று கேட்டாள். அவளுக்கு எதிரே இருந்த படத்தின் கீழே பெயர் இருந்தது, அவளால் வாசிக்க முடியாத மொழியில். படைவரலாறு என்றாலே அது தங்களுக்கு எதிரான வரலாறு என்று எண்ணி வளரும் பிள்ளைக்கு, அந்த அட்டை தமிழில் இருந்திருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். உரிமையாளரிடம் இன்னும் மூன்று மாதம் தவணை கேளுங்கள். அந்த மூன்று மாத வாடகையைப் பொருட்கள் தந்த குடும்பங்களில் சிலர் சேர்ந்து கட்டத் தயாராக இருக்கிறோம். இதை அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 1945இல் இருபது வயதாக இருந்தவர் இன்று நூறை எட்டியிருப்பார். அவர்களுடைய பிள்ளைகளே எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். இதை அடுத்த வருடம் செய்யலாம் என்று தள்ளிப்போட எங்களுக்கு அடுத்த வருடங்கள் அதிகமில்லை. சனிக்கிழமைக்குப் பத்துக் குடும்பம் வீதம் அழைத்தால், பழைய பதிவேட்டில் உள்ளவர்கள் எல்லோரையும் மூன்று மாதத்துக்குள் சந்தித்துவிடலாம். அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதுவோம். விரும்பினால் குரலையும் கைபேசியில் பதிவுசெய்வோம். வெல்வெட்டுத் தட்டைக் கலைத்து, ஒவ்வொரு பதக்கத்தையும் ஒவ்வொருவர் கையில் கொடுத்து, தங்களுடையதை அடையாளம் காட்டச் சொல்வோம். முடியாதவற்றை "உரியவர் தெரியாது" என்று உண்மையாகவே எழுதுவோம். பழைய ஷெல் கோதோ தோட்டாவோ எவராவது கொண்டுவந்தால் முன்போலவே கைபடாமல் பொலிசுக்கு அறிவிப்போம்.

பதிவேட்டை மூன்று பிரதி எடுக்கலாம். ஒன்று பொருட்களோடு போகட்டும், ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஒன்றைத் தேசிய சுவடிகள் காப்பகத்திடம் ஏற்கும்படி கேட்போம். கையளிப்பு உடன்படிக்கையில் இரண்டு நிபந்தனைகளை மாத்திரம் எழுதுங்கள்: பொருள் காட்சிக்கு வைக்கப்படும் நாளில் அதன் அட்டை மூன்று மொழியிலும் உரியவரின் பெயரோடு இருக்கவேண்டும், நிறுவனம் அதை வைத்திருக்க விரும்பாத நாள் வந்தால் ஏலத்துக்கோ வேறிடத்துக்கோ போகும் முன்னர் குடும்பத்தாருக்கு அறிவிக்கவேண்டும். பெயரில்லாத பதக்கம் விலைக்குப் போனால் அதை எவராலும் மீட்க முடியாது.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு, கறுப்பு மையும் பருத்தி நூலும் வெட்டிய அட்டைத் துண்டுகளும் கொண்டு வாசலில் நிற்பேன். திறப்பு இப்போது செயலாளரிடம் இருக்கிறது. தயவுசெய்து எவரிடமாவது கொடுத்தனுப்புங்கள். முதலாவதாக வரச்சொல்லியிருப்பது கொம்பனித்தெரு அம்மையாரை. அவருக்கு முழங்கால் வருத்தம், படி ஏற மாட்டார். ஆகவே ஒரு மேசையையும் இரண்டு கதிரைகளையும் வெளியே விறாந்தையில் போட உங்கள் அனுமதியையும் இத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,

பதிவேடு எழுதும் தொண்டர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13